ஆறாம் மாடியில் முழு சிக்னல்

குறைய வேண்டிய கோடுகள் ஏறின.

ஆறாம் மாடியின் கடைசிப் படியில் நின்று பாலசந்தர் போனைத் திருப்பிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. வைஃபை அடையாளம் முழுதாக நிரம்பிவிட்டது. எதிரே இருந்ததோ துருப்பிடித்த கம்பிக் கதவும் அதில் தொங்கும் பெரிய பூட்டும்தான்.

இன்ஷா அவருக்குப் பின்னால் ஏறி வந்து நின்றாள். காலையில் அந்தப் பூட்டைப் பூட்டியவளே அவள்தான்.

"அதிசயமா இருக்கே, தமீ" என்றார் அவர். எல்லாப் பெண்பிள்ளைகளையும் மகளே என்று பர்மியத்தில் அப்படித்தான் கூப்பிடுவார். "ரவுட்டர் உங்க வீட்டுல, அஞ்சாவது மாடியில. பாதிப் படியில செத்துப்போன சிக்னலு, இங்க வந்து எப்படி எந்திரிச்சிச்சு?"

"தெரியல, ஊலே." பர்மிய முறையில் அவர் அவளுக்கு மாமா.

பூட்டிய வீட்டுக்குள் அவளுடைய அண்ணன் ஹஸ்ஸான் காக்கா இருந்தான். ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் பட்டியலில் பேர் வந்ததிலிருந்து அங்கேதான். வீட்டுக்காரர்கள் மலேசியாவில், சாவி இன்ஷா வீட்டில். கேட்கிறவர்களிடமெல்லாம் காக்காவும் மலேசியா போய்விட்டான் என்றே சொல்லியிருந்தார்கள்.

எத்தனை நாள்தான் ஒருவன் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான்? சிக்னலை வாங்கி மேலே நீட்டிவிடும் சின்னப் பெட்டி ஒன்றை இன்ஷாதான் வாங்கிவந்து அங்கே சொருகினாள். கரண்ட் வரும் நேரத்தில் காக்கா அடித்துப்பிடித்துப் படங்களை இறக்கி வைத்துக்கொள்வான். போன பிறகு இருட்டில் ஒவ்வொன்றாகப் பார்ப்பான்.

வினை வாப்பாவால் வந்தது.

வாப்பா அப்துல் பாரிக்கு லத்தா கடைவீதியில் துணிக்கடை. கெஜத்தில் விரற்கடை குறைந்தாலும் சரக்குக் கொடுத்தவனிடம் மல்லுக்கு நிற்கிறவர். இண்டர்நெட் கம்பெனி சொன்ன வேகம் நாற்பது. வீட்டில் ஆறுக்கு மேல் காட்டவில்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. மீதியை மேலே உட்கார்ந்து தின்பது தன் மகன்தான் என்பது, கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டையை முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

வேண்டாம் என்று மறுபடி கூப்பிட்டுச் சொல்வதற்குள் கம்பெனி ஆள் பாலசந்தர் வந்து கதவைத் தட்டிவிட்டார்.

தாமுவே வட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு லைன் இழுத்தவர் அவர். ராணுவத்துக்குப் பேர் எழுதிக் கொடுக்கும் வார்டு ஆபீசுக்கும் அவரேதான். அங்கே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு அவர் டீ குடிப்பதை இன்ஷா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

ரவுட்டரில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க முதலில் பாஸ்வேர்டு கேட்டார். மறந்துபோச்சு என்றாள்.

"ஒன் வயசுலயா? எம் மாமியாவுக்கே அதெல்லாம் ஞாபகம் இருக்கு."

அப்புறம் போனை ஏந்திக்கொண்டு கூடம், அடுப்படி, பால்கனி என்று நடந்தார். சிக்னல் எங்கேயும் குறையில்லை. வேகம் மட்டும் எங்கேயும் ஆறுதான். எவனோ திருடுறான், நடந்தா மாட்டுவான் என்று சொல்லிக்கொண்டே படி ஏறிவிட்டார். "டீ ஆறுது, தம்பி, டீ ஆறுது" என்று வாப்பா கீழேயே நின்று கூவிக்கொண்டிருந்தார்.

இப்போது பூட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, வேகம் பார்க்கும் பொத்தானை அவர் அழுத்தினார்.

ஆறு. ஆறு. ஐந்து.

காக்கா இறக்கிக்கொண்டிருக்கிறான்.

பாலசந்தர் இருமினார். குனியா வெற்றிலை மென்ற தொண்டையின் கரகரத்த இருமல். படிக்கட்டு முழுவதும் அது எதிரொலித்தது.

உள்ளே எதுவும் அசையவில்லை. காலடி இல்லை. கட்டில் முனகவில்லை. அப்படி இருக்கக் காக்கா பழகிவிட்டான்.

ஆனால் போனில் முள் எழுந்தது. பன்னிரண்டு. இருபத்தைந்து. முப்பத்தெட்டு.

நாற்பது.

பயத்தில் அவன் போனை அணைத்துவிட்டான்.

பாலசந்தர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பூட்டைப் பார்த்தார். துருப்பிடித்த கதவில் பூட்டு மட்டும் பளபளவென்று இருந்தது. பிறகு இன்ஷாவைப் பார்த்தார். அவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாப்பது காட்டுது, பாய்!" என்று அவர் கீழே எட்டிக் குரல் கொடுத்தார். "லைன் சுத்தமா இருக்கு. இனிமே கம்பெனிக்குப் போன் போடாதீங்க."

"காட்டுதா? அல்ஹம்துலில்லாஹ். நாந்தான் வெவரம் புரியாம..." வாப்பாவின் குரல் பாதியிலேயே நின்றுபோனது.

பாலசந்தர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். கீழே இறங்கவில்லை. ஒரு படி கிட்டே வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லாமல் அவரை இன்ஷா பார்த்ததே இல்லை. வேறு ஆள்போல இருந்தார்.

"தமீ." உதடு மட்டும்தான் அசைந்தது. "உள்ள இருக்கிற ஆளு குளிக்கணும், கக்கூசுக்குப் போவணும். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேக்காம தண்ணி எப்படி ஊத்துறீங்க?"

இன்ஷாவுக்கு அது தெரியும். பழைய கம்பளியை நனைத்துத் தரையில் விரித்து, செம்பைத் தாழ்த்திப் பிடித்து, நூல்போல விட வேண்டும். காக்காவே கண்டுபிடித்தது.

அவர் காத்திருந்தார். கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

சொன்னால் அந்தப் பதில் வார்டு ஆபீசுக்குப் போகுமா, அவரும் ஒரு பிள்ளையை ஒளித்துவைத்திருந்தால் அந்த வீட்டுக் குளியலறைக்குப் போகுமா?