இலையின் அடிப்பக்கம்

"தோகிகோ, அந்தக் கைக்கண்ணாடியை எடு. சீக்கிரம்!"

கணவர் ஸெய்ஜியின் குரல் கேட்டு அவள் ஓடிவந்து கொடுத்தாள். கொட்டகைக்குள், மூன்று பெரிய பூக்களைத் தாங்கி நின்ற வெள்ளைச் சாமந்தியின் முன்னால் அவர் மண்டியிட்டிருந்தார். காலையில் கோயில் கண்காட்சிக்குத் தொட்டிகளை ஏற்ற வண்டி வந்துவிடும்.

கண்ணாடியை இலைக்கு அடியில் பிடித்தார். அதில் சின்னச் சின்னதாய் வெள்ளை மருக்கள் தெரிந்தன.

"வெள்ளைத் துரு," என்றார். சாமந்திக்குச் சாமந்தி தொற்றிக்கொள்ளும் பூஞ்சை நோய் அது.

அவள் நீல ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். கை ஏற்கெனவே உலர்ந்துதான் இருந்தது.

"ஒரு இலைதானேங்க? கிள்ளி எறிஞ்சுட்டா?"

"பல்லு போன வாய் மாதிரி இளிக்கும். அதை விடு. அங்க எல்லார் தொட்டியும் ஒட்டி ஒட்டி இருக்கும். ஊர்ப் பூவையெல்லாம் கெடுத்துட்டு நான் பரிசு வாங்கணுமா?"

"அப்போ?"

"எரிக்கணும். எல்லாத்தையும்."

இங்கே ஜெயித்தால் அடுத்து டோக்கியோ கண்காட்சி. பூ வாடும்வரை அவர் வீட்டைவிட்டு நகரமாட்டார், அவளையும் விடமாட்டார். சென்டாயில் மகள் மயூமிக்கு இது பிரசவ மாதம். "பூ முடியட்டும், வர்றோம்" என்று அப்பா சொன்னதற்கு மயூமி தொலைபேசியில் சிரித்தாள். "சரிம்மா, பூ முடிஞ்சதும் பொறந்தாப் போதும்னு குழந்தைகிட்ட சொல்லிடறேன்." அந்தச் சிரிப்பு தோகிகோவுக்குள் இன்னும் குத்திக்கொண்டே இருந்தது.

"எப்படி வந்திருக்கும்?" அவர் அவளைப் பார்க்காமல் கேட்டார். "அடுத்த தெரு குவபாரா, தன் செடியில துரு வந்து எரிச்சாரே, அங்கிருந்துதான். நீ அந்தப் பக்கம் போனியா?"

"பழம் குடுக்கப் போனேன். வாசலோட திரும்பிட்டேன்."

"துணி மாத்திட்டுத்தானே கொட்டகைக்குள்ள வந்த?"

"மாத்தாம வருவேனா? இத்தனை வருஷம் உங்களோட குப்பை கொட்டியிருக்கேன், அதுகூடத் தெரியாதா எனக்கு?"

"தெரியும்," என்றார் ஸெய்ஜி. கொஞ்ச நேரம் காத்திருப்பவர்போல் நின்றார். பிறகு, "காத்துல வந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு முதல் தொட்டியைத் தூக்கினார்.

அவளும் சுமந்தாள். கொல்லையில் முதல் பூ கருகியபோது அவர் கண்ணைத் துடைத்தார். அது புகையாக இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. அடுத்த தொட்டியை எடுக்கப் போனாள்.

கடைசிச் செடியும் எரிந்து அடங்கும் நேரம் அவர் கையை நீட்டினார்.

"அந்த ஏப்ரனையும் குடு."

"இதை எதுக்குங்க?"

"காலையில சென்டாய்க்கு ரயில் ஏறப்போறோம். பச்சைக் குழந்தை இருக்கப்போற வீடு."

முதுகுப்பக்க முடிச்சு அவள் விரல்களுக்குப் பிடிபடவில்லை. அவரே பின்னால் வந்து அவிழ்த்தார்.

"அன்னிக்கு குவபாரா தோட்டத்துக்குள்ள போயிட்டு வந்து, என் முதுகுக்குப் பின்னால நின்னு இதைச் செடிங்க மேல உதறினதை இந்தக் கைக்கண்ணாடியில பார்த்தேன்," என்று சொல்லி ஏப்ரனை நெருப்பில் போட்டார். "அன்னிக்கே உன்னை மயூமிகிட்டக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கணும்."