இருபதுக்குப் பூஜ்யம்

இருபதுக்குப் பூஜ்யம்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பூஜ்யம்தான். முப்பத்தோரு பேர் எழுதியதில் முப்பது பேருக்கு இருபதுக்கு இருபது. ஒரே ஒரு தாள் மட்டும் முட்டை. அதுவும் தலைமை நர்ஸின் தாள்.

எச்.ஐ.வி. உள்ள நோயாளிகளைக் கவனிக்க ஊழியர்களுக்கு எவ்வளவு தெரியும், பயிற்சி தேவையா என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. இந்த மாதத்தில் இது பதினோராவது. இடுப்பு விட்டுப் போயிருந்தது.

எல்லா இடத்திலும் ஒரே கதைதான். சரியா, தவறா என்று டிக் அடிக்க இருபது கேள்வி. ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், எல்லாரும் மேதாவிகள். அவரும் கண்டுகொள்வதில்லை. கண்டுகொண்டு என்ன ஆகப்போகிறது?

விதியைச் சொல்லிவிட்டுத்தான் காலையில் தாளைக் கொடுத்திருந்தார். ஒருவர் பத்துக்குக் கீழே வாங்கினாலும், பெரிய டாக்டர் முதற்கொண்டு அத்தனை பேரும் மூன்று நாள் பயிற்சிக்கு உட்கார வேண்டும்.

"இந்தம்மா என் மானத்தை வாங்கறதுக்குன்னே இருக்காங்க சார்," என்றார் பெரிய டாக்டர். "முப்பது வருஷ சர்வீஸ். தொட்டா பரவும்னு எழுதியிருக்காங்க. கொசு கடிச்சாலும் பரவுமாம்."

"பார்த்தேன் சார்."

"ஒண்ணு பண்ணுங்க. இன்னிக்கு அவங்க லீவுன்னு போட்டுடுங்க. ரிட்டயராக நாலு மாசம்தான் இருக்கு. இந்த நேரத்துல ரெக்கார்டுல பூஜ்யம் ஏறினா நல்லாவா இருக்கும்? உங்களுக்கும் மூணு நாள் மிச்சம்."

அந்தக் கடைசி வார்த்தை நன்றாகவே வேலை செய்தது. பயிற்சி என்றால் நடத்த வேண்டியவரும் அவர்தான். காலையில்தான் மனைவி போனில், "வீட்டுக்கு வழி ஞாபகம் இருக்கா, இல்ல ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

லீவு தாளில் நர்ஸின் கையெழுத்து வேண்டும். எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார். இப்படி ஒரு அம்மா கையில் சிக்கிய நோயாளிகள் பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

வார்டின் கடைசிக் கட்டில். பக்கத்துக் கட்டிலை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருந்தார்கள். தலைமை நர்ஸ் ஒரு இளம்பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். கையில் உறை இல்லை.

"மெதுவாக்கா. வலிக்குது."

"சிக்கு எடுத்தா வலிக்கத்தான் செய்யும் கண்ணு. நாளைக்கே ஆபரேஷன்னு கூப்பிட்டா, பின்னிவிட எனக்கு நேரம் இருக்காது."

"இப்படி எத்தனை 'நாளைக்கே' பார்த்தாச்சுக்கா."

கட்டிலின் கால்மாட்டில் கோப்பு தொங்கியது. ஆய்வாளர் புரட்டினார். பித்தப்பைக் கல். ஆபரேஷனுக்கு நாலு தேதி குறித்து, நாலையும் அடித்திருந்தார்கள். தியேட்டர் காலி இல்லை. மயக்க டாக்டர் லீவு. கருவி பழுது. நாலாவதற்குக் காரணம் எழுதக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

கோப்பின் மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டம். பதினோரு ஆஸ்பத்திரி பார்த்தவருக்கு அது என்னவென்று தெரியாதா? பதினாலாவது கேள்வியே அதுதான். 'எச்.ஐ.வி. உள்ள நோயாளியின் கோப்பில் தனி அடையாளம் போடலாம்.' தவறு என்று சரியாக டிக் அடித்திருந்த பெரிய டாக்டரின் கையெழுத்து, வட்டத்துக்குப் பக்கத்திலேயே அதே சிவப்பில் இருந்தது.

நர்ஸ் அவரைப் பார்த்ததும் சீப்பை வைத்துவிட்டு, வெளியே வாங்க என்று கண்ணைக் காட்டினார். நடைபாதைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"தொட்டா பரவும்னு எழுதியிருக்கீங்க. இப்ப தொட்டுத் தலை வாரிக்கிட்டிருக்கீங்க. எது சிஸ்டர் நிஜம்?"

"எனக்கு எத்தனை மார்க் சார்?"

"பூஜ்யம்."

நர்ஸ் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். பாஸான பிள்ளை விடுகிற மூச்சு மாதிரி இருந்தது.

ஆய்வாளர் தாளை நீட்டினார். "இன்னிக்கு லீவுன்னு கையெழுத்துப் போட்டுடுங்க. உங்க ரெக்கார்டு தப்பிச்சுடும். பெரிய டாக்டரே சொல்லிட்டார்."

"நான் லீவுல இல்லையே சார்."

தாள் நீட்டியபடியே இருந்தது. அப்போதுதான் ஆய்வாளருக்கு உறைத்தது.

"கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சாக்கூட பாதி சரியா விழும் சிஸ்டர். இருபதும் தப்பாகணும்னா..."

"இருபதும் தெரிஞ்சிருக்கணும்," என்றார் நர்ஸ் அலுப்போடு. "பெரிய டாக்டருக்கும் விடையெல்லாம் தெரியும் சார். பயம்தான் போகலை. பயந்து பயந்து ஆபரேஷனைத் தள்ளிப் போடறார். அந்தப் பொண்ணு வலியில துடிக்குது. நான் சொல்லி எடுபடலை. நீங்க மூணு நாள் உக்கார வச்சு சொன்னா கேப்பார்."

ஆய்வாளர் லீவு தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். இடுப்பு விண்ணென்று வலித்தது.

"திங்கட்கிழமை ஆரம்பிச்சுடலாம். பெரிய டாக்டருக்கு முதல் வரிசை," என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "அதுக்கு ஏழோ எட்டோ வாங்கினா போதுமே சிஸ்டர். ரிட்டயராகற நேரத்துல எதுக்கு முட்டை?"

"ஏழு எட்டுன்னா உங்ககிட்ட பேசிப் பேசியே பத்தாக்கிடுவாங்க சார். பூஜ்யத்தை ஒண்ணும் பண்ண முடியாதில்ல?"