சேர்ந்து வாழ்வதற்கு அத்தாட்சி

"கையெழுத்தா? செத்தாலும் போட மாட்டேன்!" கிராசா காகிதத்தை மகள் முகத்திலேயே விட்டெறிந்தாள்.

"வில்மர் கனடாவுல என்னோட தங்கணும்னா, நாங்க ஒண்ணா வாழறோம்னு வீட்டுப் பெரியவங்க யாராவது எழுதித் தரணும்மா. வாடகை ஒப்பந்தத்துல என் பேரு மட்டும்தான் இருக்கு. வேற அத்தாட்சி பத்தலை."

"கோயில்ல மோதிரம் மாத்தாதவன் எனக்கு மருமகனா? அவன் நாடு ஹோண்டுராசுக்கே போய்த் தொலையட்டும்!"

லியோனோர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். அதே டொராண்டோவில் இருந்தும் ஐந்து மாதம் அம்மாவை எட்டிப் பார்க்கவில்லை.

ஆறாம் மாதம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"வில்மருக்கு அனுமதி வந்துடுச்சும்மா! உன் கடிதத்தைப் பார்த்த பிறகு சந்தேகமே இல்லைன்னு அதிகாரி சொல்லிட்டாரு. அந்தத் திட்டு திட்டிட்டு, எனக்குத் தெரியாம எழுதிப் போட்டிருக்கியே!"

மகளின் பிடிக்குள் கிராசா பல்லைக் கடித்தாள்.

'கல்யாணமே செய்துகொள்ளாமல் நான்கு வருடமாக என் மகளோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறான். இந்த அயோக்கியனை உடனே நாட்டைவிட்டுத் துரத்துங்கள்' என்றல்லவா அவள் எழுதியிருந்தாள்!