சார்ஜ் தாங்காது

தன்னிஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகளைப் பார்க்கப் போகாததற்குப் பெரியவர் கௌரவத்தைக் காரணம் சொல்வதில்லை. "அவ்வளவு தூரத்துக்கு நம்ம கார் சார்ஜ் தாங்காது" என்பார். கடைசியில் அந்த மின்சாரக் காரின் பழைய பேட்டரி செத்தேபோனது. மெக்கானிக் பெரியதாக ஒன்றை மாட்டிக் கொடுத்தார்.

"இனி வண்டி மக்கர் பண்ணாதுங்க ஐயா. நீங்க பண்ணினாத்தான் உண்டு."

பெரியவர் காரைக் கொட்டகையில் விட்டுப் பூட்டினார். அப்புறம் ஓட்டவே இல்லை. ஆனாலும் காலையில் பார்க்கும்போதெல்லாம் மகள் வீட்டுக்குப் போய்வரும் அளவுக்குச் சார்ஜ் குறைந்திருந்தது.

ஒருநாள் மகளே போன் செய்தாள்.

"ஏம்ப்பா, தினமும் வாசல் வரைக்கும் வந்துட்டு இறங்காமலே போறீங்க? இப்பவாவது இறங்குங்க."

"நான் எங்கேயும் வரல" என்றார் விறைப்பாக. ஜன்னல் வழியே பார்த்தார். கொட்டகை பூட்டித்தான் இருந்தது.

போனுக்குள் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "கதவைத் திறக்காதேம்மா" என்று சொல்ல வாயெடுத்தார்.

"வாங்கப்பா" என்றாள் மகள் தழுதழுத்து. அவரிடம் அல்ல.