தப்புப் பதில்

"மறுபடியும் தப்பு! இன்னைக்குப் புதன்கிழமை. இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அந்தச் செவ்வாயையே கட்டிக்கிட்டு அழுவ?"

ஞாபக மறதி டாக்டரின் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவர் விடுவதாக இல்லை. காலமெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்த மனிதர். கிளட்ச்சை மறந்தவர்களை விரட்டுகிற அதே குரல்.

"சரி, என்ன மாசம்?"

"மார்ச்சு...?"

"ஏப்ரல்! ரிவர்ஸ்லயே போறியேம்மா!"

எதிரே இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மண்டையில நிக்க மாட்டேங்குதுங்க. இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"டெஸ்ட்டுன்னாலே உனக்கு உதறல். நான்தான் இருக்கேன்ல? என்கிட்ட கத்துக்கிட்டு எவனாவது ஃபெயிலாகியிருக்கானா? சொல்லு, புதன், ஏப்ரல், மூணாவது மாடி."

அவள் திருப்பிச் சொன்னாள். பாதியில் வேண்டிய மட்டும் தடுமாறினாள்.

இரண்டு வருடம் முன்பே மகள் படித்துப் படித்துச் சொன்னாள், டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று. 'வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்டி' என்று அவள் வாயை அடைத்தது இவள்தான். அன்றே வந்திருக்கலாம். இப்போது மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: இன்றைக்குத் தேறாவிட்டால், இருவரில் ஒருவர் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "சார், உள்ள வாங்க."

"நானா? டெஸ்ட்டு இவளுக்கும்மா!"

"நீங்க முதல்ல பதில் சொல்லிக் காட்டுங்க. பார்த்துக்கிட்டு நான் சொல்றேன்" என்று நாற்காலியிலிருந்து எழுந்தவள் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

டாக்டர் கேட்கக் கேட்க, அவர் டக்டக்கென்று சொன்னார். புதன். ஏப்ரல். மூன்றாவது மாடி. ஒன்றுகூடப் பிசகவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு மூச்சு வந்தது. இத்தனை நாள் அவள் தப்புத் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கியதெல்லாம், இந்தப் பதில்கள் அவர் வாயில் பதியட்டும் என்றுதான். மறதி அவளுக்கு இல்லை.

"பிரமாதம் சார்" என்றார் டாக்டர். "ஆமா, கூட வந்திருக்கிறது யாரு?"

அந்தக் கேள்வியை மட்டும் அவர்கள் படித்திருக்கவில்லை. படிக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவர் திரும்பி அவளைப் பரிவோடு பார்த்தார்.

"நம்மகிட்ட வண்டி ஓட்டக் கத்துக்க வந்தவங்க டாக்டர். நல்ல மாதிரி, டெஸ்ட்டுன்னாதான் பயம். கொஞ்சம் சீக்கிரம் பார்த்து அனுப்புங்க, வீட்ல என் சம்சாரம் தனியா இருப்பா."