பேர் வெட்டிய பாத்திரங்கள்

அண்டாவின் விளிம்பில் புளியைத் தேய்த்துக்கொண்டிருந்த எழிலரசியின் பெருவிரலில் ஏதோ நெருடியது.

அழுக்கோ என்று நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கிட்டே குனிந்து பார்த்தாள். வரிசையாகப் புள்ளிகள்.

"தேவி, இங்க வாடி."

"இரும்மா. பெரியப்பா லைன்ல இருக்காரு."

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள் அவள் மகள் தேவிப்ரியா. நாளை மறுநாள் கல்யாணம். மண்டப வாசலில் வைக்கக் குடும்பத்தின் வம்ச வரைபடத்தை அவளே தயாரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்ததும் அதைச் சட்டம் போட்டுத் தன்னோடு கொண்டுபோவாளாம். பிறக்கப்போகிற பிள்ளைகள் பார்க்க வேண்டுமாம். பிரிண்டிங் கடைக்காரர் ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். மணி மூன்றரை.

கொள்ளுத் தாத்தாவின் தாத்தா சடையன் வரைக்கும் ஐந்து தலைமுறை ஆண்கள் பழைய பத்திரங்களிலிருந்து எழுந்து வந்து கட்டங்களில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் மனைவிக்கென்று ஒரு கட்டம். எழிலரசியையும் அவள் மாமியாரையும் தவிர மற்றதெல்லாம் காலி.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பாதுரை பெரியப்பா ஸ்பீக்கரில் கத்திக்கொண்டிருந்தார்.

"எந்தக் காணி எந்த வருஷம் வாங்குனதுன்னு கேளு, சொல்றேன். பொம்பளைங்க பேருக்கு நான் எங்கம்மா போவேன்? எங்க தாத்தா சாகற வரைக்கும் எங்க பாட்டிய 'ஏ இவளே'ன்னுதான் கூப்புட்டாரு. அதையே போட்டுடேன்."

"போட்டுட்டு, 'தகவல் உதவி: அப்பாதுரை'ன்னு கீழ உங்க பேரும் போட்டுடறேன் பெரியப்பா."

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. எல்லாருக்கும் சேத்து பூவாடைக்காரின்னு ஒரே கட்டமா போட்டுடு, போ."

குடும்பத்தில் தாலியோடு செத்துப்போனவள்தான் பூவாடைக்காரி. கல்யாணத்துக்கு முந்தின நாள் கிணற்றங்கரைக்குப் போய், அவளைக் கலசத்தில் அழைத்து வந்து, புடவை வைத்துப் படைத்த பிறகுதான் மற்ற காரியமெல்லாம். நாளைக் காலையில் அழைப்பு. அந்தப் படையலுக்காகப் பரணிலிருந்து இறக்கிய பாத்திரங்களைத்தான் எழிலரசி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

விரலைப் புள்ளிகளின் மேல் மெல்ல ஓட்டினாள்.

"குப்பம்மாள்," என்று சத்தமாகப் படித்தாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு."



"அவங்கதாம்மா," என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது. "பாட்டி செத்தன்னிக்குப் பொறந்த வீட்டு ஜனம் வந்து குப்பு, குப்புன்னு அழுதுச்சு. யாரச் சொல்றாங்கன்னு நான் முழிச்சினு இருந்தேன்."

இந்த அண்டாவில் இருபத்திரண்டு வருஷமாகப் பொங்கலுக்கு அரிசி ஊற வைத்திருக்கிறாள் எழிலரசி. கவிழ்த்திருக்கிறாள், நிமிர்த்தியிருக்கிறாள். ஒருநாளும் கண்ணில் படவில்லை.

தவலையை எடுத்தாள். புளி பட்ட இடத்தில் கறுப்பு விலகி, கழுத்தடியில் எழுத்துகள் வந்தன. கன்னியம்மாள், 1906.

போகிற வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிட ஆளிருக்காது என்று தெரிந்தேதான், ஒவ்வொருத்தியும் பேரைப் பாத்திரத்தில் வெட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாளோ?

சின்னச் செம்பில் "சடையன் பெண்சாதி" என்பது வரை தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு "மு". மிச்சம் வழவழவென்று இருந்தது. தேய்த்துத் தேய்த்துப் போயிருக்கிறது. தேய்த்தது அவளும் அவளுக்குப் பின்னால் வந்தவர்களும்தான்.

எழிலரசி புளியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தச் செம்பை வெறும் உள்ளங்கையால், குழந்தையின் தலையைக் கழுவுவதுபோலக் கழுவினாள். வெயிலில் பித்தளை சுட்டது. அந்த மொட்டை மாடியில் தன்னைச் சுற்றிப் பெண்கள் நிற்பதாகத் தோன்றியது. யாருக்கும் அவசரமில்லை. முறை வரட்டும் என்று நின்றார்கள்.

"முனியம்மாளா, முத்தம்மாளா?" என்றாள் தேவிப்ரியா.

"தெரியாதத நாம எழுதக் கூடாது. 'மு'ன்னு மட்டும் போடு."

எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. தேவிப்ரியா சோம்பல் முறித்து, "அனுப்பிடவாம்மா?" என்றாள்.

எழிலரசி எழுந்தாள். தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் குடத்தை எடுத்து வந்தாள். அது பரணில் இருந்ததல்ல. அவள் கட்டிலுக்கடியில், பழைய வேட்டியில் சுற்றி இருந்தது. காலையிலேயே யாருக்கும் தெரியாமல் மேலே கொண்டுவந்துவிட்டாள். வெளியே எடுக்கத்தான் இவ்வளவு நேரம் ஆயிற்று.

அதில் தேய்க்க ஒன்றுமில்லை. எழுத்து நேற்று வெட்டியதுபோல இருந்தது.

"ரேவதி. தொண்ணூத்தொம்போது."

"புதுப் பேரா இருக்குதே. இது எந்தத் தலைமுறைம்மா?"

போனில் பெரியப்பா இருமினார். "நான் அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார்.

"உங்கப்பா பக்கத்துல போடு," என்றாள் எழிலரசி. "எனக்கு முன்னாடி."

தேவிப்ரியாவின் விரல்கள் அப்படியே நின்றன. யாரென்று அவள் கேட்கவில்லை. கேட்காததிலேயே எழிலரசிக்கு விளங்கிவிட்டது. இவளுக்கு எப்போதோ தெரியும். பேர்தான் தெரியாது.

"இந்த வூட்ல அந்தப் பேர சொல்லக் கூடாதுன்னாங்க. எனக்கும் அது வசதியாப் போச்சு."

எழிலரசி தன் கட்டத்தைப் பார்த்தாள். மகள் அதை மெதுவாக வலப்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்காமலே தட்டச்சு செய்தாள்.

"நாளைக்கு உங்க அத்தைங்க கூப்புடறாப்ல பூவாடைக்காரின்னு கூப்புடாத," என்றாள் எழிலரசி. "பேரச் சொல்லு. அவ கண்ண மூடுனப்ப உனக்குப் பதினோரு மாசம். நீ பேசற குரலு அவளுக்குத் தெரியாது."