இரும்புப் பெடல்

"செருப்ப வெளிய வுட்டுட்டு, கால் கழுவிக்கினு வாங்க தம்பி," என்றார் தாண்டவராயன்.

அரிபிரசாத் அப்படியே செய்தான். ஓமந்தூர்ப் பக்கத்து வீடுகளில் இது புதிதா என்ன? வாசலில் தொட்டி, தொட்டி மேல் ஒரு சொம்பு.

உள்ளே கூடமும் ஈரமாகத்தான் கிடந்தது. வெள்ளிக்கிழமை, வீடு கழுவி விட்டிருந்தார்கள்.

மூலையில் மேஜை. போன வாரம் விழுப்புரத்தில் அவன் கம்ப்யூட்டர் கடையில் இருவரும் உட்கார்ந்து பொறுக்கியெடுத்த சாமான்கள் அத்தனையும் அதன்மேல் இருந்தன.

அன்றைக்கு அவன் நரி முகத்தில்தான் விழித்திருக்க வேண்டும். ஒரு படி மல்லாட்டைக் கடலை வாங்கினாலும் ஒரு பிடி கொசுறு கேட்கிற ஊர் இது. இந்த மனுஷன் பேரமே பேசவில்லை.

மகன் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் என்றார். ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட வேண்டும். கடையிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டை எடுத்தார். மேகமும் ஓடுபாதையும் திக்கித் திக்கி வராமலிருக்க ராம் மெமரியைக் கூட்டச் சொன்னார். விமானி அறைக் கண்ணாடி போல வளைத்து வைக்க மூன்று மானிட்டர். ஒவ்வொன்றுக்கும் "உங்களுக்குன்னா எது எடுப்பீங்க?" என்று கேட்டுக் கேட்டு, அவன் சொன்னதையே எடுத்தார்.

மூன்றை மட்டும் மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். பழைய பெட்டி, அதற்குள் இருக்கும் பவர் சப்ளை, அப்புறம் பெடல். விமானத்தின் வாலைத் திருப்பக் காலால் மிதிக்கிற பெடல். அதை மகனே திண்டிவனத்துப் பட்டறையில் கொடுத்து இரும்பில் அடித்து வைத்திருக்கிறானாம்.

"அந்தப் பவர் சப்ளை இந்தக் கார்டுக்குத் தாங்காதுண்ணா."

"ஒரு தபா ஆன் ஆனா போதும்," என்றார்.

வாங்குகிறவர் சொன்னால் சரி. அரிபிரசாத் வாதாடவில்லை.

பேச்சுக்கு நடுவில் கடைக்கு யாரோ போன் செய்தார்கள். கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் கரண்ட் சுள்ளென்று இழுக்கிறதாம். இதற்கு அவன் வாயில் பதில் ரெடியாக இருக்கும். "செருப்பு போட்டுக்கினு உக்காருங்க சார், ஒண்ணும் ஆவாது." எர்த் இல்லாத வீட்டுக்கெல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் கடையை யார் பார்ப்பது?

"எல்லாருக்கும் இதான் சொல்லுவீங்களா?" என்று கேட்டார் தாண்டவராயன்.

"வேற என்னாண்ணா சொல்றது," என்று அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. வயசான மனுஷன், விளையாட்டுப் பேச்சு பிடிக்காது போல என்று விட்டுவிட்டான்.

இப்போது எல்லாம் மாட்டியாகிவிட்டது. பழைய பெட்டியின் முதுகில் அவன் கடை ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. அட, நம்ம சரக்குதான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

"கரண்ட் இல்ல தம்பி. இப்ப வந்துரும். உக்காந்து பெடல்ல கால வைங்க, தூரம் சரியா இருக்குதான்னு பாத்துரலாம்."

"உங்க பையன உக்கார வைங்கண்ணா. அவர் காலுக்குத்தான அளவு பாக்கணும்."

"நீங்களும் அவன் உசரந்தான்."

உட்கார்ந்தான். ஈரக் காலுக்கு இரும்பு ஜில்லென்றிருந்தது. பழக்கதோஷத்தில் ஒரு கை பெட்டியின் பொத்தானுக்குப் போனது.

பக்கத்து வீட்டில் சட்னி அரைத்தார்கள். மிக்சி நின்று நின்று ஓடியது. தேங்காய் வாசனைகூட வந்தது. அரிபிரசாத்துக்குப் பசித்தது.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. மிக்சி ஓடுகிறது.

திரும்பிப் பார்த்தான். கதவோரச் சுவரில் மெயின் பெட்டி. அதன் கைப்பிடி கீழே இறங்கி, ஆஃபில் இருந்தது. தாண்டவராயன் அதன்மேல் கைவைத்து நின்றிருந்தார்.

அவர் மனைவி அம்சா அடுத்த அறையிலிருந்து எதையோ முந்தானையில் மூடி எடுத்து வந்தாள். மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்து, முந்தானையை விலக்கினாள். காதில் பெரிய ஹெட்போன் மாட்டிச் சிரிக்கிற ஒரு பையனின் படம். நெற்றியில் குங்குமம், கண்ணாடியைச் சுற்றிக் காய்ந்த மாலை.

"எம்புள்ள சேரன்," என்றார் தாண்டவராயன். குரல் உயரவே இல்லை. "அவனும் உங்களுக்கு போன் பண்ணான் தம்பி. பெட்டி இழுக்குது, பெடலும் இழுக்குதுன்னான். செருப்பு போட்டுக்கினு உக்காருன்னீங்க. எங்க வூட்ல உள்ள செருப்பு போடுற வழக்கமில்ல."

அரிபிரசாத் ஒன்றும் யோசிக்கவில்லை. பொத்தானிலிருந்து கை தானாக விலகியது. இரண்டு காலும் தானாக மேலே வந்துவிட்டன. நாற்காலியில் குந்திக்கொண்டு, முழங்காலைக் கட்டிப் பிடித்தபடி அவரைப் பார்த்தான்.

பக்கத்து வீட்டு மிக்சி நின்றது.

அம்சா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பெடலைத்தான் பார்த்தாள். அவன் ஈரப் பாதம் பதிந்த தடம் இரும்பில் இன்னும் காயவில்லை.

"கால எடுத்துட்டாரு," என்றாள் கணவனிடம்.

"பாத்தேன்," என்றார் தாண்டவராயன். "தெரியாமத்தான் சொல்லிட்டாருன்னு நீ சொல்லிக்கினே இருந்த."

மெயின் பெட்டியிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.